திறக்காத பதினேழு பெட்டிகள்

டார்ம்ஸ்டாட்டில் ஒரு வெதுப்பகத்துக்கு மேலே, இரண்டாம் மாடியில் இயங்கிய அந்தச் சின்ன நிறுவனத்துக்கு ஒரே ஒரு தொழில்தான். தேர்தல் முடிவு வருமுன்பே முடிவு இன்னதென்று சொல்வது. ஒன்பது பேர் அங்கே வேலை பார்த்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட பிராந்தியப் பத்திரிகைகளும் பத்துப் பன்னிரண்டு வானொலிகளும் அவர்கள் சொல்வதை வாங்கித் தங்கள் வாசகருக்கும் நேயருக்கும் சொல்லின. "இன்னார் வெல்கிறார்" என்று காலைச் செய்தியில் ஒரு வரி வந்தால், அந்த வரிக்குப் பின்னால் பல வேளைகளில் பிறின்சி இருந்தாள்.

பிறின்சிக்கு முப்பத்தாறு வயது. ஒன்பது வயதில் மன்னாரிலிருந்து தாய் அன்ரனிற்றாவோடு வந்தவள். புள்ளிவிபரவியல் படித்து, படிப்பு முடிந்த அதே ஆண்டில் இங்கே சேர்ந்துவிட்டாள். கணவன் டெனிஸ்டன் அதே நகரில் டிராம் ஓட்டுகிறான். தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் யாராவது மகள் என்ன வேலை என்று விசாரித்தால் அன்ரனிற்றா, "அவள் எலெக்சனுக்குச் சாத்திரம் சொல்லுறவள்" என்பாள். பிறின்சிக்கு அது பிடிப்பதில்லை. இரண்டு வருடங்களுக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது இன்னும் பிடிக்காமல் போனது.

அன்று வடக்கே ஒரு நகரத்தில் மேயர் தேர்தலின் இரண்டாம் சுற்று. மாலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிறின்சி வென்றவர் என்று ஒருவரின் பெயரை வெளியிட்டாள். அந்த மனிதர் மேடைக்கு வந்தார். யாரோ பூங்கொத்துக் கொடுத்தார்கள். கைத்தடியோடு நின்ற அவருடைய தகப்பன் மகனைக் கட்டிப்பிடித்து அழுதார். மூன்று மணி நேரம் கழித்துத் தபால் வாக்குகள் வந்து சேர்ந்தபோது, முந்நூறு வாக்கால் மற்றவர் வென்றிருந்தார். மறுநாள் அந்த ஊர்ப் பத்திரிகையில் பூங்கொத்தோடு நின்ற மனிதரின் படம் முன்பக்கத்தில் வந்தது. பிறின்சி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நிறுவனத்தின் தலைவர் யோர்க் வைடமான் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

இனி அந்த மே மாதத்துப் புதன்கிழமைக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஒரு பெரிய கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் மாநிலம் மாநிலமாக நடந்துகொண்டிருந்தது. செனட்டர் ஹாலோவே ஒருபுறம், ஆளுநராக இருந்த மார்கரெட் ரெயின்ஸ் மறுபுறம். இருவரும் சரிக்குச் சரியாக வந்து, கடைசியில் மேற்குக் கரையோரத்து மாநிலம் ஒன்றில் முட்டிக்கொண்டு நின்றார்கள். அங்கே வென்றவர்தான் வேட்பாளர் என்று எல்லோரும் எழுதினார்கள். அங்கே இரவு எட்டு மணிக்கு வாக்களிப்பு முடியும்போது ஜெர்மனியில் அதிகாலை ஐந்து. பிறின்சியும் அவளுடைய இளைய சகா ஆதிரையும் நாலே முக்காலுக்கே கணினிகளுக்கு முன்னால் இருந்தார்கள். கீழே வெதுப்பகத்தில் முதல் ரொட்டி வெந்துகொண்டிருந்த மணம் மேலே ஏறி வந்தது.

ஆதிரை சேலத்துக்காரி. இந்த நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு இங்கேயே வேலைக்கு வந்தவள். அவள் பேசும் தமிழும் பிறின்சி பேசும் தமிழும் முதல் மாதம் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்தன. பிறகு பழகிவிட்டன.

காலை எட்டு மணியளவில் ஹாலோவே ஆயிரத்துத் தொள்ளாயிரம் வாக்குகள் முன்னால் நின்றார். பதினாலு லட்சம் வாக்குகளில் ஆயிரத்துத் தொள்ளாயிரம். எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று "ஹாலோவே வெற்றி" என்று அறிவித்தது. இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. பிறகு மூன்றாவது.

"அக்கா, எல்லாரும் ரிசல்ட்ட அறிவிச்சுட்டாங்க. நம்ம கம்ப்யூட்டர் மாடல் தொண்ணூத்தாறு பர்சென்ட் ஹாலோவேன்னு சொல்லுது. ரிலீஸ் பண்ணிடலாமா?" என்றாள் ஆதிரை. அவளுடைய விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"பொறு, பொறு. ஒருக்கா மாவட்டம் மாவட்டமாப் பாப்பம்."

"எல்லா மாவட்டமும் நூறு பர்சென்ட் அக்கா. ஃபுல்லா வந்துருச்சு."

பிறின்சி அந்த "நூறு"களைப் பார்க்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. எண்ணிய வாக்குகளைப் பார்ப்பதற்கு முன்னால், மக்கள் உறையிலிட்டுத் திருப்பி அனுப்பிய வாக்குகள் எத்தனை என்று பார்ப்பாள். ஒவ்வொரு மாவட்டமும் வாக்களிப்பு முடிந்ததும் தனக்கு வந்து சேர்ந்த உறைகளின் தொகையைத் தன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். முப்பத்தோராவதாக மெரிடித் என்ற மாவட்டம். வந்து சேர்ந்த உறைகள் அறுபத்தோராயிரத்துச் சொச்சம். எண்ணியவை ஐம்பத்திரண்டாயிரத்து எண்ணூறு.

"ஆதிரை, இதைப் பார். எட்டாயிரத்து ஐந்நூறு உறையைக் காணேல்லை."

ஆதிரை எட்டிப் பார்த்தாள். "ரிஜெக்ட் ஆனதா இருக்கும்ல?"

"அவ்வளவு பேர் கையெழுத்துப் பிழையா வைக்க மாட்டினம். அதோட இந்த மெரிடித்தான் ரெயின்சின்ர சொந்த ஊர். நூற்றுக்கு அறுபது பேர் அவவுக்குத்தான் போட்டிருக்கினம்."

ஆதிரை மனக்கணக்குப் போட்டாள். முகம் மாறியது. "அப்ப லீட் அப்படியே கரைஞ்சிடும்."

"கரையலாம். கரையாமலும் விடலாம். தெரியாது."

அந்தத் "தெரியாது" அவள் வாயிலிருந்து வந்ததும் அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது. சொந்த நிழலைப் பார்த்துப் பயப்படுகிறேனா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள். மெரிடித் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் இலக்கம் இணையப் பக்கத்தின் அடியில் இருந்தது. அங்கே அப்போது இரவு பதினொன்றரை. யாரும் எடுக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

எட்டாவது தடவை மணியடித்தபோது ஒரு பெண் எடுத்தாள்.

"தேர்தல் அலுவலகம். டொலோரெஸ்."

பிறின்சி தன் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் ஆங்கிலத்தில் சொன்னாள். ஜெர்மனியிலிருந்து பேசுகிறேன் என்றாள்.

"எந்த ஜெர்மனி?" என்று கேட்டாள் டொலோரெஸ்.

"இருக்கிற ஒரே ஜெர்மனிதான்."

மறுமுனையில் களைத்த சிரிப்பொன்று கேட்டது. பிறின்சி நேரே விஷயத்துக்கு வந்தாள். எண்ணாத உறைகள் ஏதும் இருக்கின்றனவா?

"இருக்கின்றனவா என்றா கேட்கிறாய்? என் கதிரையிலிருந்தே தெரிகிறது. பதினேழு பெட்டி. ஒவ்வொன்றிலும் ஐந்நூறு. கடைசி நாள் வீதியோரத்து வாக்குப் பெட்டிகளில் மக்கள் போட்டவை. என் ஆட்கள் காலை ஐந்து மணியிலிருந்து நின்றவர்கள், வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். காலை எட்டு மணிக்குத்தான் திறப்போம்."

"ஆனால் நூறு வீதம் என்று போட்டிருக்கிறீர்களே?"

"வாக்குச் சாவடிகள் நூறு வீதம், மகளே. சாவடிதான் முடிந்தது. உறை முடியவில்லை. தொலைக்காட்சிக்காரர் யாரும் கேட்கவில்லை. நீதான் முதல் ஆள்."

பிறின்சி நன்றி சொல்லி வைத்தாள்.  ஆதிரை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வைடமான் அப்போதுதான் படியேறி வந்தார். வரும்போதே கையில் தொலைபேசி. "ஒன்பது மணிச் செய்திக்கு வானொலிகள் பெயர் கேட்கின்றன. எங்கே பெயர்?" அவர் ஜெர்மன் மொழியில் பேசினார். பிறின்சியும் அதே மொழியில் மறுமொழி சொன்னாள்.

"பெயர் இல்லை. இன்னும் தெரியாது என்று அனுப்பவேண்டும்."

"மூன்று தொலைக்காட்சிகள் அறிவித்துவிட்டன. நமக்குப் போட்டியாக இருக்கிறவர்களும் அறிவித்துவிட்டார்கள். ஹாலோவே மேடையில் நின்று வெற்றி உரை நிகழ்த்திக்கொண்டிருக்கிறார்!"

அவள் மெரிடித்தைப் பற்றிச் சொன்னாள். அவர் கேட்டார். கணினியில் அவள் காட்டியதையும் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பிறின்சி, ஒன்று கேட்கிறேன். கோபிக்காதே. இதை நீ எதையோ கண்டதனால் சொல்கிறாயா, அல்லது அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பயந்துபோய் இருப்பதனால் சொல்கிறாயா?"

ஆதிரை தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு வருடங்களில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பிறின்சிக்குக் கண் கலங்கிவிடும் போல இருந்தது. கலங்கவில்லை. உண்மையில் ஒரு முள் வெளியே வந்ததுபோலத்தான் இருந்தது.

"பயம் இருக்கிறது," என்றாள். "இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பதினேழு பெட்டிகளும் இருக்கின்றன."

வைடமான் கணினியில் அந்த எண்களை இன்னொருமுறை பார்த்தார். பிறகு எழுந்தார். "சரி. 'இன்னும் முடிவாகவில்லை' என்று எழுது. ஏன் என்றும் எழுது, நாலு வரியில். நான் தொலைபேசிகளைப் பார்த்துக்கொள்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்டது சும்மா வேலை இல்லை. மூடிய கதவுக்குள்ளிருந்து அவருடைய குரல் அடுத்த இரண்டு மணி நேரமும் கேட்டது. ஒரு வானொலி, வருட முடிவில் ஒப்பந்தத்தைப் பற்றி யோசிப்போம் என்றது. ஒரு பத்திரிகை அவர்களுடைய நாலு வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹாலோவேயின் படத்தைப் பெரிதாகப் போட்டது. ஆதிரை இணையத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, நம்மள செமயா கலாய்க்கிறாங்க. 'உலகத்துக்கே தெரிஞ்சது இவங்களுக்குத் தெரியல'ன்னு ஒருத்தன் போட்டிருக்கான்" என்றாள்.

"பாக்காதை. மூடு," என்றாள் பிறின்சி. ஆனால் அவளும் பார்த்தாள்.

மெரிடித்தில் காலை எட்டு மணி ஆகும்போது இங்கே மாலை ஐந்து. அதுவரைக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு மணிக்கு வைடமான் அவளை வெளியே போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். அவள் டிராமில் ஏறிக் கடைசித் தரிப்பிடத்துக்குப் போனாள். டெனிஸ்டன் வண்டியை நிறுத்திவிட்டு, தரிப்பிடத்து மர வாங்கில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான். காலையில் அன்ரனிற்றா கட்டிக்கொடுத்த புட்டும் சூடை மீன் பொரியலும்.

"இருபது நிமிசம் பவுசே, ஓய்வு கிடக்கு. இரும்," என்றான். "றேடியோவில ஒவ்வொரு மணித்தியாலமும் அந்த ஆள் வெண்டிட்டான் எண்டு சொல்லுது. உங்கட ஆக்கள் மட்டும் ஏன் இன்னும் வாய் திறக்கேல்லை?"

"நான்தான் வேண்டாமெண்டனான்."

டெனிஸ்டன் மெல்லுவதை நிறுத்தினான். "நீரோ?"

அவள் முழுவதையும் சொன்னாள். பெட்டிகளையும், டொலோரெசையும், வைடமான் கேட்ட கேள்வியையும். அவன் அரசியலில் அக்கறை இல்லாதவன். ஆனால் அந்த மூன்று நாளும் அவள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

"சரி, பெட்டியளைத் திறந்து, அந்த ஆளே வெண்டிட்டான் எண்டு வந்தால்?"

"அப்ப எல்லாரும் சிரிப்பினம். அந்த வானொலி எங்களை விட்டிட்டுப் போகும்."

"உமக்கு வேலை போகுமோ?"

"தெரியாதப்பா."

"இண்டைக்கு எதைக் கேட்டாலும் தெரியாது எண்டுதான் சொல்லுறீர்," என்று சிரித்தான் டெனிஸ்டன். "போனால் போகட்டும். டிராம் ஓட்டத் தெரிஞ்ச ஆக்கள் இல்லாமல் இஞ்சை தலையிலை கைவச்சுக்கொண்டு இருக்கிறாங்கள். நான் பழக்கிவிடுறன். இப்ப சாப்பிடும், மீன் ஆறுது."

அவள் சாப்பிட்டாள். பசி இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. அவனுடைய பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டாள்.

ஐந்து மணிக்கு எல்லோரும் கணினிகளுக்கு முன்னால் திரும்பி வந்திருந்தார்கள். வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்களும் போகவில்லை. ஐந்தரை ஆனது. ஆறு ஆனது. மெரிடித்தின் பக்கத்தில் ஒரு எண்ணும் அசையவில்லை. பிறின்சி எழுந்து போய்ச் சமையலறையில் ஒரு கோப்பையைக் கழுவினாள். கழுவிய கோப்பையை இன்னொரு தடவையும் கழுவினாள்.

"அக்கா!" என்று கத்தினாள் ஆதிரை.

ஆறு மணி பதினெட்டு. முதல் ஆறு பெட்டிகள். ரெயின்சுக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டு. ஹாலோவேயின் முன்னிலை ஆயிரத்துத் தொள்ளாயிரத்திலிருந்து ஆயிரத்து நூற்றெண்பதுக்கு இறங்கியிருந்தது.  ஆறு மணி நாற்பத்தாறுக்கு அடுத்த ஆறு பெட்டிகள். முன்னிலை ஐந்நூற்றிருபது.

மூன்று நிமிடம் கழிந்தது. காலையில் முதலில் பெயர் சொன்ன அமெரிக்கத் தொலைக்காட்சி, தன் அறிவிப்பைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னது. அறிவிப்பாளர் காதில் கையை வைத்துக்கொண்டு, யாரோ உள்ளே சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பேசினார். "மெரிடித் என்ற மாவட்டத்தில்..." என்று அவர் தொடங்கியபோது ஆதிரை மேசையில் ஓங்கித் தட்டினாள். இரண்டாவது தொலைக்காட்சியும் பின்வாங்கியது. மூன்றாவது, ஒன்றும் சொல்லாமல் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சரி அடையாளத்தை மட்டும் எடுத்துவிட்டது. கடைசி ஐந்து பெட்டிகளும் வந்தபோது ஹாலோவே எழுபது வாக்குகள் மட்டும் முன்னால் நின்றார்.

மூடிய கதவு திறந்தது. வைடமான் வெளியே வந்தார். காலையில் பயமுறுத்திய வானொலியின் ஆசிரியர் இப்போது தொலைபேசியில் இருந்தார். அவர் சொன்னதை எல்லோரும் கேட்கும்படி வைடமான் ஒலிபெருக்கியைப் போட்டார். "உங்களுடைய காலை நாலு வரி இருக்கிறதல்லவா, அதை அப்படியே ஏழு மணிச் செய்தியில் வாசிக்கலாமா?" என்று கேட்டார் அந்த ஆசிரியர்.

"ஒரு எழுத்தும் மாற்றவேண்டாம்," என்றார் வைடமான். பிறின்சியைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அவள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தைக் கழுவினாள். அழுகை வரும் என்று நினைத்தாள். சிரிப்புத்தான் வந்தது. சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு டெனிஸ்டனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"என்ன, டிராமுக்குப் பேர் பதியட்டோ?" என்றான் அவன்.

"வேண்டாம். எல்லாரும் திருப்பி எடுத்திட்டாங்கள். ஒருத்தருக்கும் தெரியாதாம்."

"உமக்குத் தெரியாதெண்டது உமக்குக் காலையிலேயே தெரிஞ்சிருக்கு. கெட்டிக்காரிதான்." அவன் பக்கத்தில் அன்ரனிற்றாவின் குரல் கேட்டது. "மாமி கேக்கிறா, அப்ப ஆர்தான் வெண்டது எண்டு."

"அம்மாவுக்குச் சொல்லுங்கோ, கடவுளுக்கும் இன்னும் சொல்லேலாது எண்டு."

கதை அதோடு முடிந்திருந்தால் பிறின்சி அதை எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லித் திரிந்திருப்பாள். முடியவில்லை. கையெழுத்துச் சரிபார்ப்பு, வெளிநாட்டிலிருந்து வந்த உறைகள், பிறகு மறு எண்ணிக்கை என்று பதினாறு நாள் இழுத்தது. எழுபது வாக்கு முன்னிலை நூற்று முப்பதானது, பிறகு முப்பதானது. ஒரு நாள் காலையில் ரெயின்ஸ் எட்டு வாக்குகள் முன்னால்கூட நின்றார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாநிலம் முடிவைக் கையெழுத்திட்டு வெளியிட்டது. தொண்ணூற்று நாலு வாக்குகளால் ஹாலோவே வெற்றி.

அன்று காலை, போட்டி நிறுவனம் தன் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: "நாங்கள் முதல் நாளே சொன்னோம்." ஆதிரை அதைப் படித்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள்.

"என்னக்கா இது? கடைசில அவங்க சொன்னதே கரெக்ட் ஆயிடுச்சு!"

பிறின்சி தன்னையே கவனித்துப் பார்த்தாள். எங்கே வலிக்கும் என்று தேடினாள். எங்கேயும் வலிக்கவில்லை. பதினாலு லட்சத்தில் தொண்ணூற்று நாலு. ஒரு பேருந்து பிந்தி வந்திருந்தால், ஒரு தெருவில் மழை பெய்திருந்தால் மறுபக்கம் சாய்ந்திருக்கும். அதை முன்கூட்டிக் கண்டவர் எவரும் இல்லை. குருட்டுவாக்கில் கல்லெறிந்தவனுக்கும் சில நாள் மாங்காய் விழும்.

"அவையள் சொன்னது சரிதான்," என்றாள். "நாங்கள் சொன்னதும் சரிதான். அண்டைக்குத் தெரியாதுதானே?"

ஆதிரை யோசித்துவிட்டு, "தெரியாதுதான்," என்றாள்.

பிறின்சி ஹாலோவேயின் பெயரைத் தட்டச்சு செய்தாள். எழுத்துக்களை ஒருமுறை சரிபார்த்தாள். முன்பெல்லாம் அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்துமுன் மூச்சை அடக்கிக்கொள்வாள். அன்று அடக்கவில்லை. சாதாரணமாக அழுத்தினாள். முப்பது பத்திரிகைகளுக்கும் பெயர் போனது.

பகல் பன்னிரண்டு மணிக்கு வைடமான் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். வெளியே வெயில் நன்றாக எறித்தது. பிறின்சி வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி, யன்னலை அகலத் திறந்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தாள். தெருவில் பிள்ளைகள் துவிச்சக்கரவண்டி ஓட்டும் சத்தம் கேட்டது. அன்ரனிற்றா தேநீரோடு வந்தபோது அவள் நல்ல தூக்கத்தில் இருந்தாள். தாய் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, யன்னல் சீலையைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, ஓசைப்படாமல் வெளியே போனாள். பிறின்சி எழும்பும்போது மணி நாலரை ஆகியிருந்தது.